மாத்திரையும் நான்காம் வேற்றுமையும்

எனக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது உறுதியான செய்தியை இங்கே எழுதிய நாளிலிருந்து, உள்பெட்டிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கிறார்கள். மாத்திரை வேலை செய்கிறதா? பக்க விளைவு உண்டா? முதல் கேள்விக்குச் ‘செய்கிறது’ என்ற ஒரு சொல் போதும். இரண்டாவதற்கும் ‘உண்டு’ என்று ஒரே சொல்லில் விடை தந்துவிடலாம். ஆனால் கேட்டவருக்கு அதனால் பயன் இல்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் ‘பசியின்மை, தூக்கமின்மை, வாய் உலர்தல், இதயத் துடிப்பு அதிகரித்தல்’ என்று ஒரே வரியில் அடங்கிவிடும் செய்தி, வாழும்போது ஒரு முழு நாளின் மீது பரவிக் கிடக்கிறது. அந்த நாளைத்தான் இங்கே எழுத முயல்கிறேன். பதினான்கு மாதங்களாக இந்த மருந்தோடு வாழும் ஒருத்தியின் அனுபவம் இது. மருத்துவ ஆலோசனை அன்று. என் அளவும் உங்கள் அளவும் ஒன்றல்ல, என் உடலும் உங்கள் உடலும் ஒன்றல்ல.

முதலில் அந்தச் சொல். ‘பக்க விளைவு’ என்னும்போது நடுவில் ஒரு விளைவு இருப்பதாகவும் மற்றவை அதன் ஓரத்தில் நிற்பதாகவும் கொள்கிறோம். எது நடு, எது ஓரம் என்பதை மருந்து தீர்மானிப்பதில்லை. கொடுக்கிறவரும் உட்கொள்கிறவருமே தீர்மானிக்கிறார்கள். இந்த மருந்துகளின் வரலாறே இதற்குச் சான்று. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், குழந்தைகளுக்கான மனநல விடுதி ஒன்றின் மருத்துவப் பொறுப்பில் இருந்தவர் சார்லஸ் பிராட்லி. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் திரவத்தை வெளியேற்றிவிட்டு எக்ஸ்ரே எடுக்கும் பழைய சோதனை ஒன்று அன்று வழக்கத்தில் இருந்தது. அதற்குப் பிறகு குழந்தைகளுக்குக் கடுமையான தலைவலி வரும். பென்செட்ரின் என்ற ஆம்பெடமைன் மருந்து அந்தத் திரவத்தை மீண்டும் சுரக்கச் செய்யும் என்று எண்ணி அவர் கொடுத்துப் பார்த்தார். தலைவலியில் பெரிய மாற்றமில்லை. ஆனால் குழந்தைகள் பாடத்தில் கவனம் செலுத்தத் தொடங்கியிருந்தார்கள். 30 குழந்தைகளில் 14 பேரிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்ததை அவர் 1937இல் எழுதி வெளியிட்டார். இன்று உலகெங்கும் ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கப்படும் கிளர்வூட்டி மருந்துகளின் கதை, தலைவலி மாத்திரையின் ஒரு பக்க விளைவிலிருந்து தொடங்குகிறது.

நான் உட்கொள்ளும் மெத்தில்பெனிடேட்டின் கதையும் இத்தகையதே. 1944இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா நிறுவனத்தில் பணியாற்றிய லியாண்ட்ரோ பனிசோன் இதை முதலில் உருவாக்கினார். அவருடைய மனைவி மார்கரீட்டுக்குத் தாழ் இரத்த அழுத்தம் இருந்தது. டென்னிஸ் ஆடப் போகும் முன் இதை உட்கொள்வார் என்பார்கள். ரீட்டா என்ற அவருடைய செல்லப் பெயரிலிருந்துதான் ‘ரிட்டலின்’ என்ற வணிகப் பெயர் வந்தது. இரத்த அழுத்தம் சற்று உயர்வதே ரீட்டாவுக்கு வேண்டிய விளைவு. எனக்கோ, ஒவ்வொரு சந்திப்பிலும் மருத்துவர் கருவியைக் கையில் சுற்றிப் பார்த்துக் கவலையோடு குறித்துக்கொள்ளும் விளைவு அது.

உடலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நரம்பணுக்கள் டோபமைன், நார்எபிநெப்ரின் என்ற வேதிப்பொருள்களை வெளியிட்டுச் செய்தி அனுப்புகின்றன; அனுப்பிய பின் அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. அந்த உறிஞ்சலை மெத்தில்பெனிடேட் தடுக்கிறது. ஆகவே அவ்விரண்டும் சற்று அதிக நேரம் அங்கேயே தங்குகின்றன, கவனம் தங்குகிறது. ஆனால் இவை கவனத்துக்கு மட்டும் ஊழியம் செய்பவை அல்ல. பசி, விழிப்பு, இதயத் துடிப்பு, இரத்தக் குழாய்களின் இறுக்கம் எல்லாவற்றிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. மருந்துக்கு முகவரி எழுதி அனுப்ப இயலாது. அது எல்லா வீட்டுக் கதவையும் தட்டும்.

இந்த இடத்தில் என் துறையிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘நான் பசிக்கிறேன்’ என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. ‘எனக்குப் பசிக்கிறது’ என்கிறோம். ‘எனக்குத் தூக்கம் வருகிறது’, ‘எனக்கு வலிக்கிறது’, ‘எனக்குப் பிடிக்கிறது’, ‘எனக்குப் புரிகிறது’ எல்லாம் அப்படியே. தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி என இந்தியாவின் பல மொழிகளிலும் பசி இப்படி ‘எனக்கு’ வருவதாகவே சொல்லப்படுகிறது. மணீந்திர வர்மாவும் கே.பி. மோகனனும் 1990இல் தொகுத்து வெளியிட்ட நூலொன்று தெற்காசிய மொழிகளின் இந்த அமைப்புக்கென்றே அமைந்தது. என் ஆய்வும் இதன் ஒரு சிறு மூலையைப் பற்றியதுதான்: செகந்திராபாத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களின் பேச்சில் இவ்வமைப்பு எவ்வாறு வழங்குகிறது என்பது. ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் செயல் என்னுடையது, பொறுப்பும் என்னுடையது. ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியத்தில் நான் செய்வது ஒன்றுமில்லை. ஏதோ ஒன்று என்னிடம் வந்து சேர்கிறது. நான்காம் வேற்றுமைக்குப் பொருள் கூறும் நன்னூல் கொடையை முதலில் வைப்பதை இளநிலை வகுப்பில் மனப்பாடமாகப் படித்தேன். பசியையும் அந்த வரிசையில் வைத்து எண்ணிப் பார்க்கத் தோன்றியது மாத்திரை தொடங்கிய பிறகுதான்.

‘கவனி’ என்ற வினையோ ‘நான்’ என்ற எழுவாயைத்தான் ஏற்கும். ‘எனக்குக் கவனிக்கவில்லை’ என்று எந்த மாணவரும் ஆசிரியரிடம் சொல்ல இயலாது. ‘நான் கவனிக்கவில்லை’ என்றுதான் சொல்ல வேண்டும். சொன்ன மறுகணமே குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகிறது. ‘மறத்தல்’ சற்று இரக்கமுள்ள வினை. ‘நான் மறந்துவிட்டேன்’ என்றும் சொல்லலாம், ‘எனக்கு மறந்துவிட்டது’ என்றும் சொல்லலாம். கவனத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஏ.டி.எச்.டி. உள்ள ஒருவருக்குக் கவனம் உண்மையில் நான்காம் வேற்றுமையில்தான் நிகழ்கிறது. பசியைப் போல, தூக்கத்தைப் போல, அது தானாக வருகிறது, தானாகப் போகிறது, அழைத்தால் வருவதில்லை. மொழி மட்டும் அதை முதல் வேற்றுமையில் வைத்து எங்களிடம் கணக்குக் கேட்கிறது. இருபத்தேழு வயது வரை எனக்குக் கிடைத்த ‘சோம்பேறி’, ‘திமிர்’, ‘மனசு வைத்தால் செய்வாள்’ ஆகிய பட்டங்கள் அனைத்தும் இந்த ஒரு வேற்றுமையின் மேல் நிற்பவை.

மாத்திரை என்ன செய்தது என்றால், கவனத்தை ‘நான்’ பக்கம் கொண்டுவந்தது. முதல் வாரத்தில் ஒருநாள், ஓர் ஒலிப்பதிவை எழுத்தாக்கம் செய்ய உட்கார்ந்தேன், முடித்துவிட்டு எழுந்தேன். இடையில் எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காத அந்த இரண்டரை மணி நேரம் எவ்வளவு பெரிய செய்தி என்பதை ஏ.டி.எச்.டி. இல்லாதவர்களுக்கு விளக்குவது கடினம். ஆனால் அதே மாத்திரை, இதுவரை ‘எனக்கு’ என்று இயல்பாக வந்துகொண்டிருந்தவற்றை ஒவ்வொன்றாக ‘நான்’ பக்கம் தள்ளிவிட்டது. என் பக்க விளைவுகளை இதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பசியிலிருந்து தொடங்குகிறேன். 5 மில்லிகிராமில் தொடங்கி, பிறகு 10 மில்லிகிராம் இரு வேளை என்றாகி, ஐந்தாம் மாதத்தில் 36 மில்லிகிராம் நீள்வெளியீட்டு மாத்திரைக்கு வந்தபோது மதிய உணவு என்ற ஒன்று என் நாளிலிருந்து மறைந்தது. வயிறு கிள்ளுவதில்லை, தலை சுற்றுவதில்லை, சாம்பார் மணம் மூக்கில் ஏறினாலும் அது வெறும் செய்தியாகவே இருக்கும். விடுதி மெஸ்ஸில் தட்டோடு உட்கார்ந்தால் சோறு வாயில் சுழலும். விழுங்குவதற்கு ஒரு தீர்மானம் தேவைப்படும். பல்லும் நாவும் தாமாகச் செய்துவந்த வேலைக்கு இப்போது மேற்பார்வையாளர் தேவைப்பட்டார். இரவு பத்து மணிக்கு, மருந்து முற்றிலும் இறங்கிய பின், ஒரு நாள் முழுவதன் பசியும் மொத்தமாக வந்து நிற்கும். மெஸ் ஒன்பதுக்கே மூடியிருக்கும். பிஸ்கட், முறுக்கு, உடனடி நூடுல்ஸ் என்று கிடைத்ததைத் தின்றுவிட்டு, நிரம்பிய வயிற்றோடு தூக்கம் வராமல் கிடப்பேன்.

ஐந்து மாதங்களில் 53 கிலோவிலிருந்து 47 கிலோவுக்கு வந்தேன். இதில் வேடிக்கை, பெண்ணாக இருந்தால் இந்தப் பக்க விளைவுக்குப் பாராட்டுக் கிடைக்கும். ‘என்ன டயட்? எங்களுக்கும் சொல்லேன்’ என்று விடுதியில் மூன்று பேர் கேட்டார்கள். முடி கொத்தாக உதிர்ந்தது, மாடிப் படி ஏறும்போது கால் தளர்ந்தது, மாதவிடாய் பத்து நாள் தள்ளிப்போனது. இவற்றை யாரும் கேட்கவில்லை. மெலிவு கண்ணுக்குத் தெரியும்; மற்றவை தெரியா.

அடுத்தது காபி. காலையில் ஃபில்டர் காபி இல்லாமல் பேசத் தொடங்காத வீட்டில் வளர்ந்தவள் நான். மாத்திரையும் காபியும் சேர்ந்த முதல் நாள் காலை, நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது என் நெஞ்சுத் துடிப்பு என் காதுக்குக் கேட்டது. ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்கு 74 ஆக இருந்த நாடி அன்று 108. மருத்துவர், “ரெண்டுமே கிளர்வூட்டிதாம்மா, ஒண்ணை விட்டுடுங்க” என்றார். காபியை விட்டேன். இப்போது காலையில் வெந்நீர். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வாய் உலர்தல் கேட்கச் சிறியதாகத் தோன்றும். ஒலியியல் வகுப்பு எடுக்கிறவர்களுக்கு அது சிறியதன்று. முதுகலை மாணவர்களுக்கு நாவளை ஒலிகளை ஒலித்துக் காட்டும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஹைதராபாத்தின் மே மாதத்தில் இரண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை என்பது ஒரு வசதி. தாடையை இறுக்கிக்கொள்ளும் பழக்கமும் கூடவே வந்தது. மாலையில் காதோரம் வலிக்கும்போதுதான் பகல் முழுதும் பல்லைக் கடித்திருந்தது தெரியும். விரல் நுனிகள் குளிர்ந்துபோவது மற்றொன்று. ஹைதராபாத்தின் டிசம்பர் அப்படியொன்றும் கொடியதன்று. ஆனாலும் தட்டச்சு செய்ய முடியாமல் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

இவையெல்லாம் உடலோடு போகட்டும். மாலை ஐந்து மணி என்று ஒன்று இருக்கிறது. மருந்து இறங்கும் நேரம். பகல் முழுதும் ஒருவர் பின்னால் ஒருவராக வரிசையில் நின்ற எண்ணங்கள், காவலர் போனதும் ஒரேயடியாகக் கலைவதைப் போன்றது அது. முன்பிருந்த சிதறலைவிடக் கூடுதலான சிதறல். அதோடு காரணமற்ற எரிச்சல், சில நாட்களில் காரணமற்ற துக்கம். பக்கத்து அறையில் கதவு சாத்தும் ஓசைக்குக் கண்ணீர் வரும். ஒரு மணி நேரத்தில், அதிகம் போனால் ஒன்றரை மணி நேரத்தில், அது போய்விடும். இது மருந்தின் வேலை, என் வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பு அன்று என்று தெரிந்துகொண்டதே பாதி நிவாரணம். ஐந்திலிருந்து ஆறரை வரை யாரோடும் முக்கியமான பேச்சு வைத்துக்கொள்வதில்லை. நெறியாளருக்கு மின்னஞ்சல் அனுப்புவதில்லை. எந்த முடிவும் எடுப்பதில்லை. வளாகத்துக்குள் நடக்கிறேன். என் அறைத்தோழி தெலுங்குப் பெண். ஐந்து மணிக்கு நான் செருப்பு மாட்டினால் ஒன்றும் கேட்காமல் உடன் வருவாள், அல்லது ஒன்றும் சொல்லாமல் வராமல் இருப்பாள். இரண்டும் உதவிதான்.

இதுவரை சொன்னவை எல்லாம் தாளில் அச்சடித்திருப்பவற்றின் விரிவுரை. தாளில் இல்லாத ஒன்றும் உண்டு. எனக்கு அதுவே பெரிது.

செகந்திராபாத்தின் தமிழ்க் குடும்பங்களில் பல, கண்டோன்மென்ட் காலத்திலும் ரயில்வே வேலைக்காகவும் வந்து தங்கியவர்களின் வழிவந்தவை. அங்கே எழுபது கடந்த ஒரு பாட்டியிடம் நான் இரண்டு ஆண்டுகளாகப் பேச்சைப் பதிவுசெய்து வருகிறேன். மாத்திரை போட்ட நாட்களின் பதிவுகளையும் போடாத நாட்களின் பதிவுகளையும் ஒருநாள் வரிசையாகக் கேட்டேன். போட்ட நாட்களின் பதிவுகள் தெளிவானவை. வினாநிரலின் 40 வாக்கியங்களும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்திருக்கின்றன, ஒலித்தரம் நன்று, குறிப்புகள் முழுமை. போடாத நாட்களின் பதிவுகளில் வினாநிரல் பன்னிரண்டாம் கேள்வியைத் தாண்டுவதில்லை. பாட்டி தன் மாமனாரின் இன்ஜின் ஷெட்டுக்குப் போய்விடுகிறார். நானும் பின்னாலேயே போகிறேன். அங்கிருந்து ரேஷன் மண்ணெண்ணெய், அங்கிருந்து முதல் பிரசவம், அங்கிருந்து ஒரு சினிமாப் பாட்டு. ஆனால் என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் நிற்பதே அந்தப் பன்னிரண்டாம் கேள்விக்கு அப்பால் கிடைத்த வாக்கியங்களின் மேல்தான். ‘அந்தப் பாட்டை மறக்கவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டால் பாட்டி, “நான் மறக்கலை” என்று பாடப்புத்தகம் போல ஒப்பிக்கிறார். தன் போக்கில் பேசும்போது, “எனக்கு அந்தப் பாட்டு மறக்கலை” என்கிறார். கேட்டுப் பெறும் வாக்கியம் வேறு, வந்து சேரும் வாக்கியம் வேறு.

கவனம் கூடும்போது அது குறுகவும் செய்கிறது. கையில் டார்ச் வைத்திருப்பவருக்கு வட்டத்துக்குள் இருப்பது பளிச்சென்று தெரியும்; வட்டத்துக்கு வெளியே முன்பைவிட இருட்டு. மாத்திரை போட்ட நாளில் நான் குறைவாகச் சிரிக்கிறேன் என்று அறைத்தோழி சொன்னாள். நகைச்சுவை புரியும், சிரிப்பு வராது. பிறர் பேச்சில் குறுக்கிடுவது நின்றது, அது நல்லது. அந்தப் பேச்சுக்குள் தொலைந்துபோவதும் நின்றது, அது நல்லதா என்று என்னால் உடனே சொல்ல முடியவில்லை. என் குறைபாடு என்று இத்தனை காலம் பெயர் வாங்கியிருந்த ஒன்று, கள ஆய்வில் என் செவியாக இருந்திருக்கிறது.

இதற்கிடையே மருந்துக் கடை. மெத்தில்பெனிடேட், மருந்து விதிகளின் அட்டவணை எக்ஸில் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் மனமயக்கப் பொருள்களின் பட்டியலிலும் இருக்கிறது. மருத்துவர் சீட்டை இரு படிகளாக எழுத வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருந்தைப் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். தனி உரிமம் தேவை என்பதால் பெரும்பாலான கடைகள் இதை வாங்கி வைப்பதே இல்லை. அமெரிக்காவில் பரவலாக எழுதப்படும் ஆம்பெடமைன் வகை மருந்துகள் இங்கே கடைகளில் கிடையா; ஆகவே இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாற்று என்று பார்த்தால், கிளர்வூட்டி அல்லாத அட்டோமாக்செடின் போன்ற சிலவே. தவறான கைகளுக்குப் போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பொருள்களை மறப்பதும் தேதியைத் தவறவிடுவதும் நோய்க்குறியாக உள்ளவர்களிடம், தேதி தவறாமல் வந்து, இரண்டு படிகளைத் தொலைக்காமல் கொண்டுவந்து, நான்கு கடைகளில் ஏறி இறங்கச் சொல்கிறது அந்த முறை. ஒரு கடையில் சீட்டைப் பார்த்தவர் என்னையும் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்தவரிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்குத் தெலுங்கு தெரியும் என்று அவருக்குத் தெரியாது.

ஈரோட்டுப் பக்கம் இருக்கும் என் அம்மாவிடம் மாத்திரையைப் பற்றி ஏழாம் மாதத்தில்தான் சொன்னேன். அம்மா இருபத்தெட்டு ஆண்டுகள் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாள்தோறும் இருமுறை அழைப்பார், இருமுறையும் முதல் கேள்வி, “சாப்ட்டயா கண்ணு?” என்பதே. பொங்கலுக்குப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். இரு விரல்களுக்குள் அடங்கிவிட்டது. அப்போதுதான் முழுவதையும் சொன்னேன். ‘புத்திக்கு எதுக்கு மாத்திரை?’ என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

“பசியே வர்றதில்லயா?”

“வர்றதில்லம்மா.”

“வந்தாத்தான் திங்கோணும்னு யாரு சொன்னா? பள்ளிக்கூடத்துல மணி அடிச்சாத் தட்டைத் தூக்கிட்டு வந்து உக்காருவாங்க. பசிக்குதான்னு நான் ஒரு புள்ளையக்கூடக் கேட்டதில்ல. கேட்டா, ரொம்பப் பசிக்கிற புள்ளதான் இல்லைன்னு சொல்லும்.”

இலக்கணம் பயிலாத அம்மா, என் சிக்கலை என்னைவிட நேராகப் பிடித்துவிட்டார். ‘எனக்கு’ வராதபோது ‘நான்’ செய்ய வேண்டும். அதற்கு ஒரு மணி வேண்டும்.

அடுத்த சந்திப்பில் எடை, நாடி, மாலை ஐந்து மணி, செகந்திராபாத் பதிவுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய் மருத்துவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பொறுமையாகப் படித்தார். உதவித்தொகைக் காலம் முடிய எனக்கு அப்போது பதினொரு மாதங்கள் இருந்தன. அளவைக் குறைத்தால் ஆய்வேடு நிற்கும், குறைக்காவிட்டால் உடல் நிற்காது என்ற நிலை. “உங்களுக்கு எது முக்கியம்னு நீங்கதான் சொல்லணும், எவ்வளவு தாங்கும்னு நான் சொல்றேன்” என்றார். பேசி முடிவு செய்தது இது: அளவு 36இலிருந்து 18 மில்லிகிராமுக்கு இறங்கியது. எழுதும் நாட்களில் மட்டும் தேவைப்பட்டால் மதியம் இரண்டு மணிக்குள் ஒரு சிறு அளவு. அதற்குப் பின் எந்தக் காரணத்துக்காகவும் இல்லை. கள ஆய்வு நாட்களில் மாத்திரை இல்லை. இந்த மருந்தை இடையிடையே நிறுத்திக்கொள்ளலாம் என்பதை அவரிடம் உறுதிசெய்துகொண்ட பிறகே அப்படிச் செய்கிறேன். எல்லா மருந்துகளுக்கும் இது பொருந்தாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடையும் இரத்த அழுத்தமும் நாடியும் பார்க்க வேண்டும்.

அளவு குறைந்ததால் இழப்பும் உண்டு. முன்பு ஒரு மூச்சில் முடிந்த வேலை இப்போது மூன்று மூச்சில் முடிகிறது. நான்காம் இயல் ஆறு வாரம் தாமதம். எடை 50.5இல் நிற்கிறது. சிரிப்பு, அறைத்தோழியின் கணக்குப்படி, முக்கால் பங்கு திரும்பியிருக்கிறது. இது வெற்றிக் கதை அன்று, கொடுக்கல் வாங்கல். கண்ணாடி அணிகிறவருக்கு மூக்கில் தடம் பதிவதைப் போலத்தான் இது என்று சிலர் எளிமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்த உவமை போதாது. கண்ணாடி பசியைத் தொடுவதில்லை.

மாத்திரை தொடங்கப்போகிறவர்களுக்குச் சில சொற்கள். காலை உணவை மாத்திரைக்கு முன் முடித்துவிடுங்கள். அந்த நாளில் உங்களுக்கு இயல்பாகப் பசிக்கும் ஒரே வேளை அதுவாக இருக்கலாம். நீள்வெளியீட்டு மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. மதியத்துக்குச் சோறு இறங்காவிட்டால் மோர், வாழைப்பழம், நிலக்கடலை, தயிர்ச்சாதம் என்று இறங்குவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது இதய நோய் இருந்தால் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லுங்கள். நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். பக்க விளைவைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சிச் சொல்லாமல் இருப்பவர்களை அறிவேன். சொன்னால்தான் அளவைச் சரிசெய்ய முடியும். அவரிடம் போகும் முன் ஒரு வாரத்தை எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு உணவு, எத்தனை மணிக்குத் தூக்கம், எத்தனை மணிக்கு மனம் சரிந்தது. ‘பரவாயில்லை டாக்டர்’ என்ற விடையிலிருந்து எந்த மருத்துவராலும் எதையும் கண்டுபிடிக்க இயலாது.

உடன் வாழ்கிறவர்களுக்கும் ஒன்று. எங்களிடம் ‘பசிக்கிறதா?’ என்று கேட்காதீர்கள். ‘வா, சாப்பிடலாம்’ என்று அழையுங்கள்.

என் கைப்பேசியில் ஒரு மணிக்கு ஓர் ஒலி வைத்திருக்கிறேன். அம்மாவின் பள்ளி மணியை ஊருக்குப் போனபோது பதிவுசெய்து வந்தது. இதை எழுதிக்கொண்டிருக்கையில் அது அடித்துவிட்டது. பசிக்கவில்லை. மெஸ்ஸில் இன்று பருப்பும் கோங்கூரா பச்சடியும் என்று அறைத்தோழி சொன்னாள். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து உங்கள் பின்னூட்டங்களுக்கு விடை எழுதுகிறேன்.